கேழ்வரகின் குலைநோயும் பயிரின் பிறவிக் காவலும்

ஆடிப்பட்டத்தில் விதைத்த கேழ்வரகு கதிர் வாங்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் தருமபுரி ஜில்லாவின் மானாவாரிக் கொல்லைகளைச் சுற்றிப் பார்ப்பவர், மழையும் மூடுபனியும் மிகுந்த வருஷங்களில் ஒரு விசித்திரத்தைக் காண்பர். ஒரே வரப்பின் இருபுறமும் இரண்டு கொல்லைகள். மண் ஒன்று, மழை ஒன்று, இட்ட எருவும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றில் கதிர்க்காம்பு கறுத்து ஒடிந்து, விரல்கள் பதராகித் தொங்குகின்றன. மற்றதில் கதிர்கள் திரண்டு கனத்து நிற்கின்றன. பாலக்கோடு தாலுகாவைச் சேர்ந்த கிருஷிகர் ஒருவர், “காற்றில் வரும் நோய் என்கிறீர்கள், காற்று வரப்பைப் பார்த்தா நின்றது?” என்று நம்மைக் கேட்டார். கேள்வி நியாயமானது. காற்று நிற்கவில்லை. நோயின் வித்துகள் இரண்டு கொல்லைகளிலும் ஒருங்கே வந்து விழுந்தன. ஒரு கொல்லைப் பயிர் வந்தவனை இன்னானென்று கண்டுகொண்டது, மற்றது கண்டுகொள்ளவில்லை. இவ்வேற்றுமை எவ்வாறு உண்டாயிற்று என்பதையும், அதனை அறிந்த கிருஷிகர் தம் விதையின் விஷயத்தில் எவ்வாறு நடந்துகொள்ளத் தகும் என்பதையும் இங்கே விவரிப்போம்.

இந்நோய்க்குக் குலைநோய் என்று பெயர். இதனை உண்டாக்குவது ஒருவகைப் பூசணம். முதலில் இலைகளில் நடு அகன்று இருபுறமும் கூர்ந்த புள்ளிகள் தோன்றும். அவற்றின் நடுப்பாகம் சாம்பல் நிறமாகவும் ஓரம் செம்பழுப்பாகவும் இருக்கும். நோய் இலையோடு நின்றால் நஷ்டம் சொற்பமே. கதிரின் கழுத்தில் பற்றினாலோ, அந்த இடம் கறுத்துச் சுருங்கி, அதற்குமேல் சாரம் ஏறாமல், கதிர் முழுதும் சாவியாகிவிடும். விரல்களைப் பற்றினால் பற்றிய இடத்திற்கு மேலுள்ள மணிகள் மட்டும் கெடும். சென்னை மாகாணத்தின் பூசண சாஸ்திர நிபுணராயிருந்த மக்ரே என்பவர், தஞ்சாவூர் டெல்டாவில் கேழ்வரகில் இந்நோய் கண்டதை 1920-ஆம் வருஷத்தில் குறித்து வைத்தார். நம் தேசத்தில் இதைப் பற்றிய முதற்குறிப்பு அதுவே. நெற்பயிரில் குலைநோயை உண்டாக்குவதும் இதே இனத்துப் பூசணந்தான். எனினும் அவ்வினத்தில் பல கிளைகள் உண்டு. நெல்லைத் தாக்கும் கிளை பெரும்பாலும் கேழ்வரகை அண்டாது. கேழ்வரகைத் தாக்குவது பெரும்பாலும் நெல்லை அண்டாது. ஆகையால் பக்கத்து நெல்வயலிலிருந்து தம் கேழ்வரகுக்கு நோய் வந்ததென்று அண்டை வீட்டாரோடு சச்சரவிடுவது பெரும்பாலும் வீண்.

பூசணத்தின் வித்து இலையின்மேல் விழுந்து, பனியின் ஈரத்தில் முளைத்து, ஒரு சிறு குமிழை உண்டாக்கிக்கொள்கிறது. அக்குமிழினுள்ளே நீர் ஏறி ஏறி அழுத்தம் பெருகுகிறது. மோட்டார் வண்டிச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் முப்பது மடங்குக்கும் அதிகமான அழுத்தம் அதில் அளக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பலத்தால் ஒரு நுண்ணிய ஆணியை இலையின் தோலில் இறக்கி உள்ளே புகுந்துவிடுகிறது. கன்னக்கோல் வைத்துச் சுவரைத் துளைக்கும் கள்வனுக்கும் இதற்கும் பேதமில்லை.

இனி, உள்ளே புகுந்தவனைப் பயிர் எவ்வாறு அறிகிறது? மனிதருக்கும் கால்நடைகளுக்கும் இரத்தத்தில் சஞ்சரிக்கும் காவல் அணுக்கள் உண்டு. அவற்றுட் சில, ஒரு முறை எதிர்ப்பட்ட கிருமியை நினைவில் வைத்து, மறுமுறை வந்தால் விரைந்து தாக்கும். அந்த நினைவை நம்பியே தொண்டையடைப்பானுக்கு மாடுகளுக்குத் தடுப்பூசி போடுகிறோம். பயிருக்கு இரத்தமும் இல்லை, சஞ்சரிக்கும் அணுவும் இல்லை, அவ்விதக் கற்றறிவும் இல்லை. அதன் ஒவ்வோர் உயிரணுவும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். அதுவும் விதையிலேயே கூட வந்த அறிவைக் கொண்டு மாத்திரமே. இதனைப் பிறவிக் காவல் என்போம். கால்நடைகளுக்கும் நமக்கும் இப்பிறவிக் காவல் உண்டு; கற்றறியும் காவல் எழுவதற்கு முன் முதல் சில நாட்கள் உயிரைக் காப்பது அதுவே. ஆனால் பயிருக்கோ பிறவிக் காவலைத் தவிர வேறு கதியில்லை.

இக்காவலைச் செய்வன ஏற்பிகள் எனப்படும் புரதங்கள். கிராமத்துத் தலையாரியை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும். ஊருக்குள் வருவோர் அனைவரையும் அவர் தடுப்பதில்லை. அவருக்குச் சில அடையாளங்கள் தெரியும். அவை கண்ணிற்பட்டால் குரல் கொடுப்பார். பயிரின் உயிரணுவிலும் தலையாரிகள் இரு வரிசையாக நிற்கின்றனர். வெளிவரிசையார் உயிரணுவின் புறத்தோலில் நின்று, கிருமிகளுக்குப் பொதுவான அடையாளங்களைத் தேடுகிறார்கள். பூசணங்களின் சுவர், நண்டு, வண்டு முதலியவற்றின் ஓட்டிலுள்ள கைட்டின் என்ற பொருளால் ஆயது. பயிரிலோ கைட்டின் இல்லை. எனவே கைட்டின் துணுக்கு ஒன்று கண்டால் அந்நியன் வந்துவிட்டான் என்பது நிச்சயம். நெற்பயிரில் இத்துணுக்கைப் பற்றும் ஏற்பியை 2006-ஆம் வருஷத்தில் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர்.

பூசணமும் சளைத்ததன்று. தன் கைட்டின் துணுக்குகளைக் காவலர் கண்ணிற் படாமல் தானே பொறுக்கி மறைக்கும் புரதம் ஒன்றைக் கக்குகிறது. வேறு பல புரதங்களை உயிரணுவினுள்ளேயே அனுப்பி, அதன் தற்காப்பு வேலைகளைத் தடைசெய்கிறது. இங்கேதான் உள்வரிசைக் காவலர்கள் வேண்டப்படுகிறார்கள். இவர்கள் உயிரணுவின் உள்ளே இருந்துகொண்டு, பூசணம் அனுப்பிய ஆட்களில் தமக்குத் தெரிந்தவரைக் கண்டவுடன் எச்சரிக்கை கொடுப்பர். எச்சரிக்கை எழுந்ததும் அந்த உயிரணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்கிறது. உயிருள்ள அணுவிலேயே முதலில் பிழைக்க வல்ல பூசணம் அவ்விடத்திலேயே பட்டினி கிடந்து சாகிறது. வீட்டைக் கொளுத்திக் கள்வனைக் கொல்வது போன்ற இந்த உபாயம் நமக்குக் கொடிதாகத் தோன்றலாம். ஆனால் ஊசிமுனையளவு பழுப்புப் புள்ளியோடு காரியம் முடிந்துவிடுகிறது, கதிர் தப்புகிறது.

நமது கிருஷிகரின் கேள்விக்கு விடை இனி வருவது. இந்த ஏற்பிகள் எல்லா வித்துக்கும் ஒரேவிதமாக அமைந்தன அல்ல. ஏற்பி என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலை. கோக்கும் முறை மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. பெற்றோரிடமிருந்து வித்துக்கு வருகிறது. எழுத்து ஒன்று மாறினால் மணி ஒன்று மாறும். நெல்லில் பை-டா என்று பெயரிட்ட உள்வரிசை ஏற்பி ஒன்று உண்டு. வியட்நாமின் டெடெப், பிலிப்பைன்ஸின் டடுகான் என்ற பழைய நெல்வகைகளில் அது இருக்கிறது. அம்மாலையில் 928 மணிகள். குலைநோயைத் தாங்கும் நெல்லில் 918-ஆவது மணி அலனின். தாங்காத நெல்லில் அதே இடத்தில் செரின். இந்த ஒரு மணி மாறினமையால், பூசணம் அனுப்பும் குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தாங்காத நெல்லின் காவலர் அடையாளங் காண்பதில்லை என்று 2000-ஆம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின. தொள்ளாயிரத்துச் சொச்சம் மணிகளில் ஒன்று! ஒரு கொல்லை விளைவதற்கும் மற்றது சாவியாவதற்கும் இவ்வளவு சிறு பேதம் போதுமானதாயிருக்கிறது.

வெளிவரிசைக் காவலரிலும் இவ்வாறே பேதம் உண்டு. நெல்லில் இலைக்கருகல் நோயை உண்டாக்குவது பூசணமன்று, பாக்டீரியா. மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி தேசத்துக் காட்டு நெல் ஒன்று அந்நோயைத் தாங்குவது கண்டு, அக்குணம் சாகுபடி நெல்லுக்குக் கலப்பினால் மாற்றப்பட்டது. 1995-இல் அக்குணத்துக்குக் காரணமான ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். அதற்கு எக்ஸ்-ஏ 21 என்று பெயர். ஆந்திரா பொன்னி என்று நம்மவர் வழங்கும் சம்பா மசூரி, உண்பதற்கு நயமாயினும் இலைக்கருகலுக்கு எளிதில் இரையாவது. அதில் இந்த மரபணுவோடு வேறிரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் ஹைதராபாத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் கலப்பு முறையால் சேர்த்து, 2008-இல் மேம்படுத்திய சம்பா மசூரியை வெளியிட்டன. மூன்றை ஒருங்கே சேர்த்ததற்குக் காரணம் உண்டு. காவலர் ஒருவரே எனின், கிருமி தன் அடையாளத்தைச் சற்றே மாற்றிக்கொண்டு தப்பிவிடும். எக்ஸ்-ஏ 21 தனித்து நின்ற இடங்களில் அதனை ஏமாற்றும் பாக்டீரியாக்கள் தோன்றியது உண்மை. பை-டா காணும் புரதத்தையே விட்டொழித்த குலைநோய்ப் பூசணங்களும் உண்டு.

ஆகவே நோய் தாங்கும் விதை என்று விளம்பரமாகும் எதையும், எக்காலத்தும் எவ்விடத்தும் தாங்குவது என்று கொள்ளலாகாது. இன்ன கிருமியின் இன்ன அடையாளத்தை அறியும் காவலர் அதில் இருக்கிறார் என்பதே அதன் பொருள். ஜில்லா முழுதும் ஒரே விதையை விதைப்பது, எல்லா ஊருக்கும் ஒரே தலையாரியை வைப்பது போலாகும். அவரை ஏய்க்கக் கற்ற கள்வன் ஒருவன் போதும்.

ஏற்பி என்ற சொல்லே தோன்றாத காலத்தில் நம் மாகாணத்தில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. தஞ்சை டெல்டாவில் 1919-ஆம் வருஷத்தையொட்டி நெற்குலைநோய் பெருஞ்சேதம் விளைத்தது. 1912-இல் ஏற்பட்ட கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தார், ஆனைக்கொம்பன் என்ற நாட்டு நெல்லிலிருந்து கோ 4 என்ற தனி வகையைத் தேர்ந்தெடுத்தனர். குலைநோய் வந்த இடங்களிலும் அது நின்றது. அதனை ஆடுதுறை 10 என்ற நெல்லோடு கலந்து கோ 25 என்ற வகையை உண்டாக்கினர். ஆனைக்கொம்பனை நம் முன்னோர் வயலில் வைத்திராவிட்டால், தேர்ந்தெடுக்க என்ன இருந்திருக்கும்? நுண்ணோக்காடி பிடித்தவர்களின் சாமர்த்தியத்துக்குச் சமமாக, விதையைக் கைவிடாமல் வைத்திருந்தவர்களின் பொறுமையையும் நாம் மதிக்கவேண்டும்.

கேழ்வரகின் கதையும் இதற்கு நிகரானதே. கேழ்வரகின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்கள். மாண்டியாவிலிருந்த லக்ஷ்மணய்யா அவர்கள் நம் தேசத்துக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் கலந்து பல வகைகளைத் தந்தார். இந்தியா, ஆப்பிரிக்கா என்ற இரு பெயர்களையும் கூட்டியே அவற்றுக்கு இண்டாஃப் என்று பெயர் வைத்தனர். கேழ்வரகு மிக நுண்ணிய பூவையுடையதாதலால் கலப்பது கண்ணுக்கும் கைக்கும் பெரிய சோதனை. பின்னர் வந்த ஜி.பி.யூ. 28 என்ற வகை இந்த இண்டாஃப் வகைகளின் வழித்தோன்றல். குலைநோயைத் தாங்குவதில் பெயர் பெற்றது. 2017-இல் பெங்களூர் விவசாய சர்வகலாசாலையார் கேழ்வரகின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டபோது, எதிர்ப்பு மரபணுக்களாகத் தோன்றியவை மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்தன. ஹைதராபாத்துக்கு அருகே பட்டாஞ்சேருவிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கான கேழ்வரகு வகைகள் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் சாரமாகப் பொறுக்கிய 80 வகைகளைக் குலைநோய்க்குச் சோதித்ததில், இலை, கழுத்து, விரல் ஆகிய மூன்றிலும் தாங்குவன பல கிடைத்தன. நமக்கு அருகிலேயே கொல்லிமலையில் சுருட்டை, சட்டை, அரிசிக் கேழ்வரகு என்று வழங்கும் நாட்டு வகைகள் உண்டு.

கால்நடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈக்களில் டோல் என்ற ஏற்பி பூசணத்துக்கு எதிரான காவலுக்கு வேண்டப்படுவது 1996-இல் தெரியவந்தது. அதனையொத்தவை எலி, மாடு, மனிதர் யாவர்க்கும் உண்டு. மாட்டுக்கு இவ்வினத்தில் பத்து. ஆராய்ச்சிச் சாலைகளில் வளர்க்கும் ஒருவகை எலிக்கு பாக்டீரியாவின் நச்சைச் செலுத்தினாலும் யாதொரு கெடுதியும் நேர்வதில்லை. பலசாலி எலி என்று எண்ணத் தோன்றும். ஆனால் உயிருள்ள பாக்டீரியா சிலவற்றைச் செலுத்தினால், மற்ற எலிகள் பிழைக்கும் அளவிலேயே அது செத்துவிடும். இதன் காரணம் 1998-இல் விளங்கிற்று. அவ்வெலியின் டோல் ஏற்பி ஒன்றில் 712-ஆவது மணி மாறியிருந்தது. நச்சை அது உணரவில்லை. அதனால் காய்ச்சலும் இல்லை, காவலும் இல்லை. ஈயிலும் எலியிலும் இவற்றைக் கண்டறிந்த இருவருக்கு 2011-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வாத்தும் கோழியும் ஒரே குட்டையில் நீர் குடித்தாலும், பறவைச் சுரம் கோழியைக் கொல்லும் அளவுக்கு வாத்தைக் கொல்வதில்லை. அச்சுரத்தின் நச்சுயிரை உயிரணுவுக்குள் உணரும் ஏற்பி ஒன்று வாத்துக்கு உண்டு, கோழிக்கு இல்லவே இல்லை என்பது 2010-இல் தெரிந்தது. பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாட்டினம் அருகிவரும் இக்காலத்தில், காரிமங்கலம் அருகே அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டிருப்பது இதனாலும் நன்மையே. நாட்டு மாடு என்பதாலேயே நோய் அண்டாது என்று பேசுவோரோடு நாம் உடன்படோம். ஆனால் ஓரினம் அழிந்தால் அதனோடு அதற்கே உரிய காவலர்களும் அழிவர். அவர்களைப் பிற்பாடு எங்கும் விலைக்கு வாங்க இயலாது.

இனிக் கொல்லைக்குத் திரும்புவோம். குலைநோய் கடுமையாகக் கண்ட வருஷம் நஷ்டமான வருஷமே எனினும், விதை பொறுக்குவதற்கு அதைவிடச் சிறந்த வருஷம் இல்லை. நோயில்லாத வருஷத்தில் எல்லாக் கதிரும் நல்ல கதிராகத் தோன்றும். நோய் கண்ட கொல்லையின் நடுவில், சுற்றிலும் கறுத்த கதிர்கள் இருக்கத் தான் மட்டும் திரண்டு நிற்கும் செடியைத் தேடுங்கள். அதன் இலைகளை உற்றுப் பாருங்கள். சாம்பல் நடுவையுடைய அகன்ற புள்ளிகள் இன்றி, ஊசிமுனையளவு பழுப்புப் புள்ளிகள் மாத்திரம் தென்பட்டால், பூசணம் வந்து தோற்றது என்பதற்கு அது நல்ல அறிகுறி. புள்ளியே இல்லையெனின், நோய் அதன்மேல் விழாமல் தப்பியிருக்கவும் கூடும்.

அவ்விதம் பொறுக்கிய கதிர்களை ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கதிரின் மணியையும் தனித்தனிப் பொட்டலமாக வைத்து, மறுவருஷம் ஒரு கதிருக்கு ஒரு வரிசையாக நடவேண்டும். சில வரிசைகளுக்கிடையே நோய்க்கு எளிதில் இரையாகும் வகையில் ஒரு வரிசை நட்டால், நோய் எல்லாவற்றுக்கும் ஒருசேரப் பரவும். கேழ்வரகு பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதாகையால், தாயின் குணம் வரிசை முழுதும் பெரும்பாலும் அப்படியே வரும். ஒரு வரிசையின் எல்லாச் செடியும் நின்றால் அது பிறவிக் குணம். பாதி நின்று பாதி கெட்டால் தற்செயலோ கலப்போ ஆகும். கோயமுத்தூரில் ஆனைக்கொம்பனிலிருந்து தனி வகையைப் பிரித்தவர்கள் செய்ததும் சாராம்சத்தில் இதுவே. இதற்குச் செலவு பொட்டலக் காகிதமும் பொறுமையும் மாத்திரம்.

நிலம் ஐந்து ஏக்கருக்கு மேலுள்ளவர்கள் ஒரே வகையை விதைக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்து விதைப்பது உசிதம். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மிஞ்சி இட்டால், எவ்வளவு நல்ல காவலுள்ள பயிரும் இளகிப்போய் நோய்க்கு வழிவிடும். விதைக்குமுன் கிலோவுக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் கலந்து விதை நேர்த்தி செய்வது இப்போது வழக்கமாயிருக்கிறது. இது தீங்கற்ற பாக்டீரியா. வேரில் குடியேறிப் பயிரின் காவலை முன்கூட்டியே விழிப்பாக வைக்கிறது. இல்லாத ஏற்பியை இது உண்டாக்கித் தராது. இருப்பதை விரைந்து வேலை செய்யத் தூண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடங்கலில் கேழ்வரகு என்று எழுதுவதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. இன்ன வகை என்பது எங்கும் பதிவாவதில்லை. பயிராய்வுக்குச் செல்லும்போது வகையின் பெயரையும், நோய் கண்டதா என்பதையும் தனிக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், ஐந்து வருஷத்தில் அது ஜில்லாவுக்கே பெரும் பொக்கிஷமாகும். 2001-ஆம் வருஷத்துப் பயிர் வகைகள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டப்படி, கிருஷிகர்கள் தாம் பேணி வந்த நாட்டு வகையைத் தம் பேரில் பதிவு செய்துகொள்ளலாம். விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை உண்டு. இதனை ஊராருக்கு எடுத்துச் சொல்வதும், பதிவுக்கு வேண்டிய விவரங்களை எழுத உதவுவதும் அதிகாரிகளால் எளிதில் ஆகக்கூடியவை.

சந்தேகமான கதிரையோ இலையையோ பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்துக்கு எடுத்துச் செல்வோர், அதனைப் பழைய செய்தித்தாளின் மடிப்புக்குள் வைத்து உலர்த்தி, விதையின் பெயர், விதைத்த தேதி, கதிர் வாங்கிய தேதி ஆகியவற்றை எழுதி உடன் வைக்கவும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டினால் வேறு பூசணங்கள் பூத்து, எது நோய், எது அழுகல் என்று பிரித்தறிய முடியாமற் போகும்.